பேட்டரி செத்த ஆட்டோமேட்டிக் காரும் கொக்கி வண்டிக்காரரும்

விமானம், குடியேற்றச் சோதனை, வங்கி வேலை, சிம் கார்டு எல்லாம் ஊருக்கு வந்த இந்த முறை ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என்னை எழுத உட்கார வைத்தது அக்காவின் அடுக்குமாடி அடித்தளத்தில் அசைய மறுத்த ஓர் ஆட்டோமேட்டிக் காரும், அதை எடுக்க வந்த சாலையோர உதவி நிறுவனமும்தான்.

அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் முறை உங்களுக்குத் தெரியும். இடம் போதாதென்று ஒரு காருக்குப் பின்னால் இன்னொன்றைக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கும் போடாமல் போய்விடுவார்கள். வெளியே போகிறவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். வண்டி கிளம்பவில்லை என்றாலும் கவலையில்லை. நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். அப்பாவின் பழைய காரை நாங்கள் தள்ளாத மழைக்காலமே கிடையாது.

அக்காவின் கார் சில வாரங்களாக ஓடாமல் நின்றது. நின்றாலும் அலாரமும் ரிமோட் பூட்டும் பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். சாவியைத் திருகினால் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. காரின் மூக்கு சுவரை ஒட்டி இருந்ததால், இன்னொரு காரை அருகில் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து கேபிள் போடவும் வழியில்லை. பின்னால் நகர்த்தியே ஆக வேண்டும். கியரோ 'பி' என்ற நிறுத்த நிலையை விட்டு இம்மியும் அசையவில்லை.

நான் வசிக்கும் நாட்டில் உதவி எண்ணை அழைத்தால் முதலில் கேள்விகள்தான் வரும். ஆட்டோமேட்டிக்கா, முன்சக்கர இயக்கமா, கைப்பிரேக் மின்சாரத்தில் இயங்குவதா, நிறுத்துமிடத்தின் கூரை எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் கேட்டு, அதற்கேற்ற வண்டியை அனுப்புவார்கள். அது வந்து சேர அரை நாள் ஆகலாம் என்பது வேறு விஷயம். இங்கே ஒரு கேள்வியும் இல்லை. இசையைக் கேட்டுக் காத்திருந்தேன், புகார் எண் வந்தது, சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டியும் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து ஒரு கணம் பெருமைப்பட்டேன்.

வந்தது கொக்கி வைத்த லாரி. கூரை தாழ்வாக இருந்ததால் உள்ளே நுழைய முடியாமல் சரிவின் உச்சியிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இரும்பு வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அழைத்தது நான், பேசியது நான், ஆனால் அவர் பதில் சொன்னதெல்லாம் என் தம்பிக்கு. “கியர் கிடக்கட்டும் சார். கொக்கியை மாட்டி இழுத்தால் தானாக வந்துவிடும்.”

வராது. 'பி'யில் போட்டால் கியர்பெட்டிக்குள் ஓர் உலோகப் பல், பள்ளங்கள் வெட்டிய சக்கரம் ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்து இந்தக் காரின் முன்சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். பலவந்தமாக இழுத்தால் டயர் தரையில் தேயும், அந்தப் பல்லே உடைந்தும் போகலாம். இதைச் சொன்னபோது அவர் மறுபடியும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தார்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தோள் கொடுக்க வந்துவிட்டார்கள். பல வருடங்களாக ஒரே கட்டடத்தில் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்கிறவளுக்கு இது தொண்டையை அடைக்கிற விஷயம். “நீங்கள் தள்ளி நில்லுங்கள் அக்கா” என்று சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். கார் ஒரு விரற்கடை நகர்ந்து டக்கென்று நின்றது. பல் மாட்டியிருப்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டாம் கியர் வித்தையை ஒருவர் யோசனையாகச் சொன்னார். இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் கியர்பெட்டிக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பம்ப்பை எஞ்சின்தான் சுழற்ற வேண்டும். சக்கரம் உருண்டால் எஞ்சின் சுற்றாது. ஊரே கூடித் தள்ளினாலும் கிளம்பாது.

கடைசியில் காவலாளி, தெருமுனையிலிருந்து வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் லாரியையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. முதலில் கைப்பிரேக்கை இழுத்தார். நல்லவேளையாக அது கையால் இழுக்கிற வகை. பட்டனால் இயங்குவதாக இருந்திருந்தால், போட்ட பிரேக்கை விடுவிக்கவே மின்சாரம் தேட வேண்டியிருக்கும். பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தார். ஸ்டியரிங் பூட்டு விலகுவதற்காகச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினார். பிறகு கியர் கம்புக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகமளவே இருந்த ஒரு மூடியைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் கீறல் விழாமல் நெம்பி எடுத்தார்.

“பாருங்கள் அம்மா” என்றார். நிறுவனத்தை அழைத்ததிலிருந்து என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள்!

துளைக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரிந்தது. பிரேக்கை மிதிக்காமல் யாரும் 'பி'யிலிருந்து கியரை எடுத்துவிடக் கூடாது என்று வைத்திருக்கும் மின்காந்தத் தாழை விடுவிக்கிற நாக்கு அது. பேட்டரி நன்றாக இருந்தால் பிரேக்கை மிதித்ததும் தாழ் தானாக விலகும். செத்துவிட்டால் கையால்தான் விலக்க வேண்டும். அவர் ஒரு காலால் பிரேக்கை மிதித்தார், ஸ்க்ரூடிரைவரால் நாக்கை அழுத்தினார், கம்பை இழுத்தார். வழுக்கிக்கொண்டு 'என்'னுக்கு, அதாவது நியூட்ரலுக்கு வந்தது. அவ்வளவுதான்! இதற்கா லாரி, வடம், புகார் எண்?

தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, “எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும் தம்பி” என்று எச்சரித்துவிட்டுத்தான் செங்கல்லை எடுத்து, கைப்பிரேக்கை விடச் சொன்னார். காத்திருந்த தோள்கள் காரைப் பின்னால் உருட்டின. பிறகு இன்னொரு காரிலிருந்து கேபிள்: சிவப்பு இரண்டையும் முதலில், கறுப்பில் ஒரு முனை நல்ல பேட்டரியில், மறுமுனை செத்த காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து வாயு கசிந்தால் தீப்பொறி பட்டுவிடக் கூடாதாம். எஞ்சின் ஓடியதும் மீட்டரை வைத்துப் பார்த்தார். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை.

அன்று மாலை டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கையேடு கிடந்தது. அந்தச் சின்ன மூடி படத்தோடு அதில் இருந்தது. தினமும் கார் இழுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் தன் ஆட்களுக்கு இந்த ஒரு பக்கத்தையாவது காட்டியிருக்க வேண்டாமா? நான் இருக்கும் நாட்டுக்காரர்களையும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். மூடியைத் தொடும் முன் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், செங்கல் தேடி யாரும் ஓட மாட்டார்கள். ஆனால் 'பி'யில் நிற்கும் காரை வடம் கட்டி இழுக்கலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முன் அக்கா மகனோடு புதுக் கார் பார்க்கப் போனேன். கியர் கம்பே இல்லை, ஒரு திருகு குமிழ்தான். கியரை மாற்றும் கட்டளை மின்கம்பி வழியாகத்தான் போகும். இத்தகைய கார்கள் சிலவற்றில் அவசரத்துக்கு இழுக்கும் கேபிள் ஒன்றை மறைவாக வைத்திருப்பார்கள். சிலவற்றில் அதுவும் கிடையாது, வெளியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் உண்டு. விற்பனையாளரிடம் கேட்டேன், பேட்டரி செத்தால் இதை நியூட்ரலுக்கு எப்படிக் கொண்டுவருவது?

“புது வண்டி மேடம், அப்படியெல்லாம் ஆகாது” என்று அக்கா மகனைப் பார்த்துச் சொன்னார். கையேட்டைக் கேட்டேன். வண்டி எடுக்கும்போது தருவார்களாம்.