பிரசவ பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோவையில் வெளிநாட்டு மாணவர் குடும்பங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும், திருப்பூரில் ஆப்பிரிக்க வியாபாரிகளோடு பழக்கம் உள்ளவர்களும் இதை அவசியம் படியுங்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் சூடான் பெண்ணுக்கு இது தலைப்பிரசவம். கணவர் இங்கே ஆராய்ச்சி மாணவர். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். சிறு வயதில் பெண்ணுறுப்பை வெட்டி, சிறு துவாரம் விட்டுத் தைத்துவிடும் வழக்கம் அவள் ஊரில் உண்டு. 2020இல்தான் சூடானில் அதைக் குற்றமாக்கினார்கள். அவளுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 45,000 ரூபாய் நார்மல் டெலிவரி பேக்கேஜ் என்று சொல்லி, 20,000 முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். பரிசோதனை செய்த டாக்டரம்மா, "இதென்ன இது, எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். நர்ஸ்களும் பயிற்சிப் பிள்ளைகளும் காலடியில் வந்து நின்றார்கள். ஒரு பிள்ளை செல்போனைத் தூக்கியது. "ஏனுங்க, போட்டோவெல்லாம் எடுக்காதீங்க" என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவள் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதோடு விட்டார்களா? அரபி தெரியும் என்று யாரோ ஒரு பையனைக் கூட்டி வந்து, "இதை எப்போ, யார் செஞ்சாங்கன்னு கேளு" என்றார்கள். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அப்புறம், சிசேரியன்தான், வேறு வழியே இல்லை, 1,20,000 ஆகும் என்றார்கள். இப்படி ஒரு கேஸ் பார்த்ததே இல்லையாம். சரி, பார்க்காதது குற்றமில்லை. ஆனால் உலகத்தில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று யுனிசெஃப் 2024இல் சொல்லியிருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்த டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம்.

அப்படி ஒருவரை நாங்களே தேடிப் போனோம். அவர் கதவைச் சாத்தி, எங்கள் மூவரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. மொழிபெயர்க்க உக்கடத்தில் அரபி சொல்லித்தரும் டீச்சரம்மா ஒருவரைப் போனில் பிடித்தார். தையலை எந்த இடத்தில் பிரிப்பார் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். பிரித்தபின் சிறுநீர் வேகமாக வரும், பயப்படக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொன்னார். அதைக் கேட்டதும்தான் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படித் தையலைப் பிரிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. பிரசவத்துக்கு முன்பும் செய்யலாம், வலி எடுத்தபின்பும் செய்யலாம். தழும்பு இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பிரசவம் முடிந்ததும் பழையபடி மூடித் தைக்கவும் கூடாது. ஊரிலிருந்து மாமியார் போன் போட்டுத் தைக்கச் சொன்னபோது, டாக்டர் உறுதியாக மறுத்துவிட்டார்.

சுகப்பிரசவம், பெண் குழந்தை.

ஆகவே முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்: இப்படித் தைத்த பெண்ணுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறீர்களா, தையலைப் பிரிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, பரிசோதனையின்போது யார் யார் உள்ளே இருப்பார்கள்? பதிலில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த 20,000த்தை, "பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். ரசீதில் முன்பணம் என்றுதான் இருக்கிறது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.