கூப்பனா, கேஷ்பேக்கா, கடையின் சொந்தப் பிராண்டா?

மாதக் கடைசியில் வரவு செலவில் துண்டு விழாமல் பார்த்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்குக் கடைகள் பொதுவாக மூன்று வழிகளைக் காட்டுகின்றன: பில் போடும்போதே தொகையைக் குறைக்கும் கூப்பன், பணம் கட்டிய பிறகு ஒரு பகுதியைத் திருப்பித் தரும் கேஷ்பேக், பெரிய விளம்பரச் செலவு இல்லாததால் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும் கடையின் சொந்தப் பிராண்டு.

கூப்பன் பிறந்ததே விற்பனையைப் பெருக்கத்தான். 1880களின் இறுதியில் கோகோ கோலா ஒரு குவளை பானத்துக்கு இலவசச் சீட்டு வழங்கியது, அதுவரை குடிக்காதவர்களைக் குடிக்க வைக்கவே. இன்றும் நோக்கம் மாறவில்லை. 700க்கு மட்டும் சாமான் தேவைப்படும் வீட்டில், 1,000க்கு வாங்கினால் 100 தள்ளுபடி என்ற கூப்பனைப் பயன்படுத்தினால், கையிலிருந்து போவது 900. கூடுதலாக வந்த 300க்கான பொருள் அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டிய சோப்பாக இருந்தால் 100 உண்மையிலேயே மிச்சம். இல்லையென்றால் 200 வீண்செலவு.

சலுகையின் வாசகத்தையும் சதவீதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். 'இரண்டாவது பாதி விலை' என்பது மொத்தத்தில் 25 சதவீதத் தள்ளுபடிதான்; 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 33 சதவீதத்தைத் தாண்டுகிறது. 20 சதவீதக் கழிவுக்குப் பிறகு 10 சதவீதக் கூப்பனைச் சேர்த்தால் கிடைப்பது 30 அல்ல, 28. '25 சதவீதம் கூடுதல்' என்று அச்சிட்ட பாக்கெட், விலையில் 20 சதவீதம் குறைத்ததற்குச் சமம்.

கேஷ்பேக்கை நான் கடைசியில்தான் வைப்பேன். முழுத் தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும். திரும்பி வருவதும் பல சமயம் அதே கடையில், குறிப்பிட்ட தேதிக்குள் செலவழிக்க வேண்டிய புள்ளிகளாகவே வருகிறது. கையில் பணம் இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இது உதவாது.

சொந்தப் பிராண்டு எந்தச் சீட்டையும் எதிர்பார்ப்பதில்லை. பெயர்பெற்ற பொருள் 100, கடையின் பொருள் 80 என்றால், 15 சதவீதக் கூப்பனுக்குப் பிறகும் முன்னது 85 ஆகிறது. ஆனால் ஒப்பிடும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று பார்ப்பது மிக முக்கியம். குழந்தையின் தோலுக்கு ஒத்துப்போன டயப்பர், மாற்றினால் அரிப்பு தரும் சோப்பு போன்றவற்றில் பிராண்டை மாற்ற நான் சொல்லமாட்டேன்; கூப்பனைத் தேடி எடுத்து வைக்க வேண்டியது அவற்றுக்குத்தான். எங்கள் வீட்டில் மாதப் பட்டியலை எழுதி முடித்த பிறகே கூப்பன்களை எடுக்கிறோம். பட்டியலில் இல்லாத பொருளின் கூப்பன் அங்கேயே ஒதுக்கப்படுகிறது.