கிருஷ்ணகிரியில் நடந்த ஆய்விதழ்ப் பதிப்பு மாநாடு: ரூ. 2,500 கொடுக்கலாமா?

தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே ஆய்விதழ்களுக்கு மெய்ப்புத் திருத்தமும் எக்ஸ்எம்எல் வேலையும் (கட்டுரையின் ஒவ்வொரு பகுதியும் என்னவென்று கணினிக்குப் புரியும்படி ‘டேக்’ எனும் குறிகள் இடுவது) செய்து வருகிறேன். இத்துறை மாநாடுகளுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும் என்பதால் இதுவரை எதிலும் கலந்துகொண்டதில்லை. கிருஷ்ணகிரியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதியில் இரண்டு நாள் நடக்கிறது என்று தெரிந்ததும் ரூ. 2,500 கட்டிப் பதிவு செய்தேன். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் ஊர் என்பதால் இடத்தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வாசலில் தொடங்கியது. பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றிருந்ததால், வேறு வழியின்றி அப்பாவின் பெயரை நிரப்பியிருந்தேன். கழுத்தில் மாட்டக் கொடுத்த அட்டையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. இரண்டு நாளும் பலர் என்னை அவர் பெயர் சொல்லியே அழைத்தார்கள்.

முதல் நாள் முழுவதும் பெரிய அரங்கில் உரைகள். அவற்றில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பற்றியது மட்டும் நினைவில் நிற்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் இத்திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் கல்லூரி நூலகர் ஒருவர் எழுந்து, “எங்கள் மாணவர்களுக்கு என்ன வழி?” என்று கேட்டார். விடை வருவதற்குள் நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். காலையில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் நாற்பது நிமிடம் கிடைத்திருந்தது.

இரண்டாம் நாள், பின்கட்டில் இருபது பேர் மட்டும் அமரக்கூடிய அறையில் நடந்த பயிலரங்குதான் கட்டணத்தை ஈடுகட்டியது. பயிற்சியாளர் ஒரு கட்டுரையின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திரையில் விரித்து, ஆசிரியர் பெயரை மட்டும் முக்கால் மணி நேரம் அலசினார். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து அப்பாவுடையது. அதை விரித்துக் குடும்பப் பெயருக்கான டேகில் போட்டால் கட்டுரை அப்பாவின் பெயரில் மேற்கோளாகிறது, இன்னோர் இதழ் மாற்றிப் போட்டால் ஒருவரே இருவராகிவிடுகிறார். கட்டுரைகளுக்கான டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு அனுப்பும் பதிவில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, இயற்பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம் என்பதால், ஒற்றைப் பெயர் உடையவருக்கு அப்பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட வேண்டும் என்று செய்து காட்டினார். தந்தை பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் ஐஸ்லாந்துக்காரர்களை இயற்பெயரால் வரிசைப்படுத்த ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான எக்ஸ்எம்எல் தரமான ஜாட்ஸில், பெயர் முறையைக் குறிக்கும் இடத்தில் தனி மதிப்பே இருக்கிறதாம். எட்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் யோசிக்காமல் ‘வெஸ்டர்ன்’ (மேலைநாட்டு முறை) என்று அடித்து வந்திருக்கிறேன்!

பெயர்க் குழப்பத்துக்கு, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள ஆர்சிட் அடையாள எண்ணே மருந்து என்றார் பயிற்சியாளர். அதன் 16 இடங்களில் கடைசியானது முந்தைய 15 இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஓர் இலக்கம் தவறினாலும் மென்பொருள் பிடித்துவிடும். என் மடிக்கணினியில் வேண்டுமென்றே 3-ஐ 8 ஆக்கிப் பார்த்தேன். உடனே சிவப்புக் கோடு விழுந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. வைஃபை பிற்பகலில் படுத்துவிட்டது, பயிலரங்கு அறையில் பிளக் பாயிண்ட் இரண்டே. அடுத்த முறை ஒரு நாளுக்கு மட்டும் ரூ. 1,500 கட்டும் வசதி இருக்குமானால், இரண்டாம் நாளுக்குத் தாராளமாகப் போகலாம். நீட்டிப்பு வயர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அதுவும் அப்பா பெயரில்தான். திருத்தித் தரக் கேட்டு எழுதியிருக்கிறேன்.