முல்லைத்தீவுக் கடல் கண்ணாடி எண்டு ஒண்டு விக்கினம், வாங்கிப்போடாதேங்கோ

முதலே சொல்லிடுறன், ஏமாந்தது நான்தான். அதுவும் முல்லைத்தீவுக் கரையில இருக்கிற சிலாவத்தையில இருந்துகொண்டு, முல்லைத்தீவுக் கடல் கண்ணாடியை, அதுதான் கன வருசம் கடலில உருண்டு தேய்ஞ்சு கரையொதுங்கிற போத்தில் துண்டை, காசு குடுத்து கூரியரில எடுப்பிச்சு ஏமாந்தனான். சிரிக்கிறவை சிரிச்சிட்டு மிச்சத்தை வாசியுங்கோ.

நாலு வருசமா கரையில பொறுக்கிற கண்ணாடித் துண்டில கம்பி சுத்தி பென்ரன், தோடு செய்யிறனான். வாடைக்காத்து ஓய்ஞ்ச பிறகு, தை மாசியில, விடியப்புறம் கரைவலை இழுக்கிற பக்கம் நடந்தா ஒரு கை நிறையக் கிடைக்கும். முக்கால்வாசி பச்சை, மண்ணிறம், வெள்ளை, வேற என்ன, சோடாப் போத்திலும் பியர் போத்திலும்தானே. நீலம் கிடைச்சா அண்டைக்கு எனக்குப் பெருநாள். சிவப்பு இந்த நாலு வருசத்தில ஒண்டே ஒண்டு, சின்னிவிரல் நகமளவு, அதை இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல.

கனடா மாமி வைகாசியில வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வாறா எண்டு போனில சொல்லேக்க, திரும்பிப் போகேக்க அங்க இருக்கிற பிள்ளையளுக்குக் குடுக்க 40 பென்ரன் வேணும் எண்டவா. அம்மாளுக்கு விளக்கெரிக்க உப்புத்தண்ணி எடுக்கிற அதே கடலின்ர கண்ணாடியா இருக்கோணுமாம். எனக்கு வாயில மாட்டேன் எண்டு வரேல்ல. டப்பாவைக் கொட்டி எண்ணிப் பாத்தா நல்ல துண்டு 11தான் தேறிச்சு.

அந்த நேரம் பாத்து பேஸ்புக்கில ஒரு பேஜ் கண்ணில பட்டுது. "முல்லைத்தீவு ஒரிஜினல் சீ கிளாஸ்", சிரட்டை நிறையக் கண்ணாடி, நீலமும் சிவப்பும் மினுங்குது. ஒரு கிலோ 6,500, ரெண்டு கிலோ எண்டா 12,000. எங்கட கரையில இவ்வளவு சிவப்பு எங்கயிருந்து வந்தது எண்டு ஒரு செக்கன் யோசிச்சன்தான், ஆனா கொக்கிளாய்ப் பக்கம் ஆரும் பொறுக்கியிருப்பினமாக்கும் எண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லி ரெண்டு கிலோவுக்குக் காசைப் போட்டிட்டன், பில்லும் கேக்கேல்ல ஒண்டும் கேக்கேல்ல, அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

பார்சல் வந்து உடைச்சு அள்ளேக்கயே கை சொல்லிட்டுது. உண்மையான கடல் கண்ணாடியை ஒருக்கா கையில வைச்சிருந்தவைக்குத் தெரியும், அது சீனி பூசினமாதிரி நெறுநெறு எண்டிருக்கும். அலையும் மண்ணும் கல்லும் 20, 30 வருசத்துக்கு மேல உரசி, உப்புத்தண்ணி கண்ணாடிக்குள்ள இருக்கிற சோடாவையும் சுண்ணாம்பையும் மெல்ல மெல்லக் கரைச்சு எடுத்துத்தான் அந்த மேல்தோல் வாறது. மணிக்கூடு திருத்துறவை கண்ணில மாட்டுற லென்ஸால பாத்தா பிறை பிறையாக் குட்டிக் குட்டி அடையாளம் தெரியும், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. இவன் அனுப்பினது எல்லாம் ஒரேமாதிரி வழுவழு, பால் தடவினமாதிரி, ஒரு பிறையும் இல்லை. விளிம்பு இன்னும் கூர், ஒண்டு என்ர பெருவிரலைக் கீறியும் போட்டுது. அது அசிட்டில தோய்ச்சு எடுத்த கண்ணாடி.

எண்டாலும் மனம் கேக்காம சிவப்பில ஒண்டை எடுத்து, வழமைபோல ஒரு கிண்ணத்தில தண்ணி விட்டு கண்ணாடியை அதுக்குள்ள அமிழ்த்திப்போட்டு டயமண்ட் பிட்டால மெதுவா ஓட்டை போட்டன். தண்ணி ரோஸ் நிறமாச்சு! ஓட்டையைச் சுத்திப் பெயின்ற் உரிஞ்சுது, உள்ளுக்கு வெறும் வெள்ளைக் கண்ணாடி.

உடன கோல் எடுத்தன்.

"தம்பி, இது எங்க எடுத்தது?"

"முல்லைத்தீவு பீச் அக்கா, நாங்கள் நேரில பொறுக்கினது."

"எந்தப் பக்கம், கள்ளப்பாடா அளம்பிலா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேந்து "மெயின் பீச் அக்கா" எண்டான். சிவப்புப் பெயின்றைப் பற்றிக் கேட்டா, "கடல் தண்ணியிலதான் அக்கா கழுவினது, அப்ப அது கடல் கண்ணாடிதானே" எண்டு சொல்லுறான். நான் காசைத் திருப்பிக் கேட்டன், பின்னேரம் பாத்தா என்னை புளொக் பண்ணியிருக்கு. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிக்கலாம் எண்டு என்ர தம்பி சொன்னவன், ஆனா பில் இல்லாம நான் என்னத்தைக் காட்டுறது?

எனக்குக் காசை விட பொய் சொல்லி வித்ததுதான் கொதி. கையால செய்யிற கண்ணாடி கூடாது எண்டு நான் சொல்லேல்ல. நானும் செய்யிறனான், தம்பி பழைய மோட்டரில பூட்டித் தந்த டிரம்மில, உடைச்ச போத்திலும் சிலிக்கன் காபைட் தூளும் தண்ணியும் மூண்டில ரெண்டு பங்குக்குப் போட்டு, நாலைஞ்சு நாள் சுத்தவிட்டு. முதல் சொரசொரப்பான 80ஆம் நம்பர் தூள், பேந்து அதைவிட நைசான 220, அதோட நிப்பாட்டோணும், இல்லாட்டி மினுங்கத் தொடங்கிடும். விளிம்பு உருண்டு வடிவா வரும். ஆனா விக்கேக்க மெஷின் கண்ணாடி எண்டு சொல்லித்தான் விக்கிறனான். அசிட் வேலை வேற. கண்ணாடியை அரிக்கிற ஹைட்ரோபுளோரிக் அசிட் தோலில பட்டா சிலநேரம் உடன எரியாது, உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போகும், அதால வீடியோவைப் பாத்து வீட்டில செய்து பாப்பம் எண்டு ஆரும் வெளிக்கிடாதேங்கோ, பிள்ளையள் இருக்கிற வீடெண்டா சொல்லவே வேண்டாம்.

இன்னொண்டு, பேஜில இருந்த படம் எல்லாம் நனைச்சு எடுத்தது. நனைஞ்சா எந்தக் கண்ணாடியும் மினுங்கும், மேல்தோல் தெரியாது. வாங்கிறதெண்டா காய்ஞ்ச துண்டு ஒண்டை வெயிலில வைச்சுக் கிட்டவாப் படம் கேளுங்கோ, விளிம்பையும் காட்டச் சொல்லுங்கோ.

மாமிக்கு உள்ளதைச் சொல்லிட்டன். 11 கரைக் கண்ணாடி, 29 எங்கட டிரம் கண்ணாடி, எது எது எண்டு பையில எழுதி ஒட்டிக் குடுத்தன். கொஞ்சம் முகம் சுருங்கினதுதான், ஆனா வாங்கினவா.

போன கிழமை அதே படம் வேற பேரில ஒரு புதுப் பேஜில கிடக்கு, விலையும் 7,500 ஆக்கிப்போட்டான். பேரை மாத்தினாலும் படத்தை மாத்தேல்ல, அந்தச் சிரட்டையின்ர இடப்பக்கம் விளிம்பில இருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு இருக்கும், பாத்துக்கொள்ளுங்கோ.