சென்சாருக்கு நூறு, சாக்கெட்டுக்கு முட்டை

தொலைநோக்கியில் மாட்டி வானத்தைப் படம்பிடிக்கும், குளிரூட்டும் வசதியுள்ள 533 வகைச் சென்சார் கேமராவை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடவே இன்னொரு கேள்வி: "செருகினால் கம்ப்யூட்டரில் தெரியவே மாட்டேன் என்கிறதாமே, டிரைவர் கோளாறா?" முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதற்கு இப்போதே சொல்லிவிடலாம். பத்தில் எட்டு முறை டிரைவர், அதாவது கேமராவைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள், காரணம் இல்லை. கேபிளும் அது போய் உட்காரும் சாக்கெட்டும்தான்.

சென்சாரைக் குறை சொல்ல வாய் வராது. 3008-க்கு 3008 பிக்சல் சதுரம், ஒவ்வொன்றும் 3.76 மைக்ரான், ஓரத்தில் ஆம்ப் குளோ, அதாவது சென்சாரின் மின்சுற்றே கிளப்பும் போலி வெளிச்சம், துளியும் கிடையாது. என்னிடம் மூன்று ஆண்டு ஓடிய பிறகும் கூலர் சொன்ன வெப்பநிலையில் அசையாமல் நிற்கிறது. ஒருமுறை எடுத்துவைத்த டார்க் படங்களை (இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியை மூடி எடுப்பவை) மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். இவ்வளவு நல்ல கண்ணைச் செய்தவர்கள், அதை மூளையோடு சேர்க்கும் நரம்பில் போய்க் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள்.

அந்த நரம்பு யூஎஸ்பி 3 டைப்-பி. அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் அடங்கும். உள்ளே ஒன்பது தொடுமுனைகள். கீழ்ப்பகுதியில் இருக்கும் நான்கு, பழைய யூஎஸ்பி 2-க்கு உரியவை. 5 வோல்ட் மின்சாரமும் அவற்றில்தான் வருகிறது. மேலே ஏறிநிற்கும் குட்டி மாடியில் இருக்கும் ஐந்தும் 5 ஜிகாபிட் வேகத்துக்கானவை. மாடி மட்டும் சரியாகத் தொடவில்லை என்றால் கேமரா சாகாது. 480 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். கீழே உள்ள நான்கில் மின்சாரம் வரும் முனை தளர்ந்தால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே தெரியாது. "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தடித்த கேபிளின் எடை முழுவதும் போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய அந்தச் சாக்கெட்டில் தொங்குகிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு இழுப்பு. அது தளராமல் இருந்தால்தான் அதிசயம்.

சோதிக்கும் வரிசை முக்கியம். தொலைநோக்கியில் மாட்டிய நிலையில், இருட்டில், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாகச் சோதிப்பது வீண் வேலை. கேமராவைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். தனியாக வரும் 12 வோல்ட் மின்கம்பி, யூஎஸ்பி இரண்டையும் பிடுங்கிவிட்டு அரை நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு மீட்டருக்கு மேல் போகாத வேறொரு கேபிளில், ஹப் இல்லாமல், நேராக லேப்டாப் போர்ட்டில் செருகுங்கள். சில கேமராக்கள் 12 வோல்ட் இல்லாமலே அடையாளம் காட்டும், அவற்றில் அது கூலருக்கு மட்டும். வேறு சில, 12 வோல்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் மூச்சே விடாது. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டுத் திட்டத் தொடங்குங்கள்.

இப்போது விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செருகிப் பாருங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லை என்றால் மின்சாரம், கேபிள், சாக்கெட் இந்த மூன்றில் ஒன்று. பெயர் தெரியாத யூஎஸ்பி சாதனம் என்று 43-ஆம் எண் பிழை வந்தால், ஏதோ செருகப்பட்டது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, "நீ யார்" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் வரவில்லை என்று பொருள். இதுவும் அநேகமாகக் கேபிள் அல்லது ஹப்தான். இந்த நிலையில் டிரைவரைப் பத்து முறை நீக்கி நிறுவுவது விழலுக்கு இறைத்த நீர். 28-ஆம் எண் வந்தால் மட்டும் டிரைவர் இல்லை என்று அர்த்தம். கேமராவைக் கழற்றிவிட்டு டிரைவரை நிறுவி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, அதன்பிறகு செருகுங்கள்.

பட்டியலில் பெயர் அழகாக இருக்கிறது, படம்பிடிக்கும் மென்பொருள் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் வேறொரு மென்பொருள் கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் கேமரா. மூடிய பிறகும் பின்னணியில் ஒளிந்து ஓடுவதை டாஸ்க் மேனேஜரில் தேடி நிறுத்தவேண்டும்.

நடு இரவில் இணைப்பு அறுந்துபோகும் நோய் வேறு வகை. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும். பவர் பிளானில், இப்படித் தூங்கவைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ரூட் ஹப்பிலும், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த சந்தேகம் 12 வோல்ட் கம்பி. 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 5 மீட்டர் நீளம் என்றால் போகவர 10 மீட்டர், அதன் மின்தடை சுமார் 0.35 ஓம். கூலர் 3 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். கூலரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அறுபடவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டான்.

எதிர்பாராத இன்பம் ஒன்றும் உண்டு. சாதாரண பிரிண்டர் கேபிள், அதாவது பழைய யூஎஸ்பி 2 டைப்-பி, இந்தச் சாக்கெட்டின் கீழ்ப்பகுதியில் அப்படியே பொருந்தும். தகராறு செய்யும் மாடியை அது தொடுவதே இல்லை. யூஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் தடுமாறும். இது 5 மீட்டர் வரை தாங்கும். கனமும் குறைவு, சாக்கெட்டை இழுக்காது. வேகம் போய்விடுமே என்றால் கணக்குப் போடுங்கள். 3008 பெருக்கல் 3008, பிக்சலுக்கு 2 பைட், மொத்தம் 18 மெகாபைட். மங்கலான வாயு மேகங்களை 300 நொடி எக்ஸ்போஷரில் எடுக்கும் நெபுலாக்காரருக்கு அந்தப் படம் வந்துசேர அரை நொடி ஆனால் என்ன, ஒரு நொடி ஆனால் என்ன? ஃபோகஸ் செய்யும்போது மட்டும் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். வியாழனையும் சனியையும் வீடியோவாக எடுப்பவருக்கு இந்த வைத்தியம் ஆகாது. அவர்கள் நல்ல குட்டைக் கேபிள் வாங்கிக்கொண்டு, மென்பொருளில் தரவு பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் யூஎஸ்பி டிராஃபிக் அளவை மாற்றிப் பார்க்கலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி. அங்கே யூஎஸ்பிக்கு ஒதுக்கும் நினைவகம் வழக்கமாக 16 மெகாபைட்தான். 18 மெகாபைட் படம் அதில் எங்கே அடங்கும்? அந்த அளவை 200-க்கு உயர்த்தி, டிரைவரோடு வரும் யூடெவ் விதியையும் (கேமராவைத் தொட மென்பொருளுக்கு அனுமதி தருவது) சேர்த்தால்தான் படம் பாதியில் நிற்காமல் வரும்.

எந்தக் கேபிளாக இருந்தாலும் சரி, கேமரா உடம்பிலேயே வெல்குரோ பட்டையால் கட்டி, சாக்கெட்டுக்கு முன்னால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் தொங்கலாக விடுங்கள். இழுப்பு பட்டையோடு நின்றுவிடும். ஏற்கெனவே தளர்ந்ததா என்று பார்க்க, கேமரா ஓடும்போது செருகியை மேலும் கீழும் இலேசாக அழுத்துங்கள். துண்டிப்பு ஓசை வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். புதுக் கேபிளிலும் வந்தால் சாக்கெட்டைப் பெயர்த்து மறுபடி ஈயம் வைக்கவேண்டும். மேல் ஐந்து முனைகளும் மிக நெருக்கம், சாதாரண சால்டரிங் அயர்னோடு இறங்கிவிடாதீர்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். சென்சார் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அதே சென்சாரை உறுதியான சாக்கெட்டோடு வேறு யாராவது விற்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். என்னுடையதை விற்பீர்களா என்று மட்டும் நண்பர் கேட்கக்கூடாது. பிரிண்டர் கேபிளோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.