மேம்பட்ட முதலுதவி: எந்தப் பயிற்சியில் கை பழகும்?

அடிப்படை முதலுதவி வகுப்பை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போக நினைப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முழுக்க இணையவழிப் பாடம் ஒன்று. வீட்டில் பாடம் படித்துவிட்டு வகுப்பில் செய்முறை மட்டும் பழகும் கலப்பு வகுப்பு இன்னொன்று. மலை, காடு, கடல் போன்ற இடங்களுக்கான தொலைவிட முதலுதவிப் பயிற்சி மூன்றாவது. ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்களுக்கான இ.எம்.டி. படிப்பு நான்காவது. இவற்றோடு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ரத்தப்போக்கு நிறுத்தும் வகுப்பும் உண்டு. அளவில் சிறியது என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய தவறு. காரணத்தைக் கீழே விரிவாகவே சொல்கிறோம்.

சான்றிதழின் பெயரைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்? பயிற்சியில் உங்கள் கை, பழகுவதற்கான மனித உருவப் பொம்மையின் மேல் மொத்தம் எத்தனை நிமிடம் இருக்கும்?

இணையவழிப் பாடமும் கலப்பு வகுப்பும்

அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுத் தருவதில் இணையப் பாடம் எதற்கும் குறைந்ததல்ல. இதயம் நின்றவரிடம் சில நிமிடம் வரை விட்டுவிட்டு, திக்கித் திக்கி ஒரு மூச்சு வரும். அதைப் பார்த்து ‘மூச்சு இருக்கிறது’ என்று சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்காமல் நிற்பவர்கள் ஏராளம். அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று காணொளியில் நான்கு முறை பார்த்தால் மனதில் பதிந்துவிடும். பக்கவாத அறிகுறிகள், கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள், தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்ற விதி எல்லாம் இப்படியே படித்துக்கொள்ளக்கூடியவை.

ஆனால் சி.பி.ஆரில் நெஞ்சை அழுத்த வேண்டிய 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்பதைக் கண்ணால் கற்க முடியாது. பெரியவர் ஒருவரின் நெஞ்சை அவ்வளவு அழுத்த எவ்வளவு பலம் தேவை என்பது, முதல்முறை செய்பவரைத் திகைக்க வைக்கும். தலையணையில் பழகியவர்கள் 3 சென்டிமீட்டர் அழுத்திவிட்டுப் போதும் என்று நினைப்பார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் செய்யும்போது, ஒரு நிமிடம் கடந்ததும் முழங்கை மடங்கத் தொடங்கும். உடல் எடை நெஞ்சின் மேலேயே தங்கிவிடும். நெஞ்சு முழுக்க மேலெழும்பாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ள ரத்தமே இருக்காது. ஆள் களைத்துப்போகாமல் இருந்தாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்: களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

கலப்பு வகுப்பில் பாடத்தை வீட்டில் முடித்துவிடுவதால் வகுப்பு நேரம் முழுக்கக் கைவேலைக்குக் கிடைக்கும். கிடைக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்முறைக்கு ஒரு மணி நேரம், 12 பேருக்கு ஒரே பொம்மை என்றால் ஆளுக்கு 5 நிமிடம். மூன்று பேருக்கு ஒரு பொம்மை என்றால் ஆளுக்கு 20 நிமிடம். இரண்டு வகுப்புக்கும் சான்றிதழ் ஒன்றே, கற்றது ஒன்றல்ல. பொம்மையின் தரமும் முக்கியம். பொம்மைத் தயாரிப்பாளரான நார்வேக்காரர் அஸ்மண்ட் லேர்டல் 1960-ல் கொண்டுவந்த ‘ஆன்’ பொம்மையின் வழிவந்தவைதான் இன்றைய பொம்மைகள். இன்று கிடைப்பவற்றில் ஆழம், வேகம், நெஞ்சு மேலெழும்புதல் மூன்றையும் விளக்கு எரிந்தோ திரையிலோ காட்டுபவை உண்டு. ஆசிரியர் ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று சொல்வதைவிட, எரியாத விளக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். இப்படிப்பட்ட பொம்மை இல்லாத வகுப்பைவிட, அது இருக்கும் வகுப்புக்குக் கொஞ்சம் தூரம் போனாலும் தகும்.

ரத்தப்போக்கு வகுப்பு

பெரிய தமனி அறுந்தவர் சில நிமிடங்களிலேயே உயிரிழக்கலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான். அதனால்தான் நேரத்துக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இந்தச் சிறு வகுப்பை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறோம்.

கற்பவை மூன்றே: அழுத்திப் பிடித்தல், காயத்துக்குள் துணி அடைத்தல், டூர்னிகே (கை அல்லது காலைச் சுற்றி, ஒரு கோலால் திருகி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) கட்டுதல். டூர்னிகேயில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். பட்டையைத் தளர்வாகச் சுற்றிவிட்டு, திருகுகோலை நம்பித் திருக ஆரம்பிப்பார்கள். திருகு முழுவதும் அந்தத் தளர்வைச் சுருட்டுவதிலேயே தீர்ந்துபோகும்; நாலைந்து சுற்று சுற்றியும் ரத்தம் நிற்காது. சரியான முறை: காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், அந்த இடத்தில் உடையின் பையில் சாவியோ போனோ இருந்தால் எடுத்துவிட்டுப் பட்டையைச் சுற்ற வேண்டும். அடியில் மூன்று விரல் நுனி நுழையாத அளவுக்குக் கையாலேயே இறுக்கி ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் திருகு. ரத்தம் நிற்கும்வரை திருகிக் கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை அதன்மேல் எழுத வேண்டும். வலி பயங்கரமாக இருக்கும். கத்துகிறாரே என்று தளர்த்தக் கூடாது. ரத்தம் நிற்கவில்லை என்றால் முதல் பட்டைக்கு மேலே இரண்டாவதைக் கட்டலாம். இடையிடையே அவிழ்த்துவிட வேண்டும் என்ற பழைய அறிவுரை ஆபத்தானது.

ஷூ லேஸ், மின்கம்பி போன்ற குறுகிய பொருள் தமனியை அடைக்காமல் தோலைத்தான் அறுக்கும். தடித்த பெல்ட்டையோ திருகி இறுக்க முடியாது. முறையான டூர்னிகே இல்லாத இடத்தில் கையால் அழுத்திப் பிடிப்பதே நல்ல தொடக்கம் என்று சொல்லித்தரும் ஆசிரியரை நம்பலாம்.

தொடை இடுக்கிலும் அக்குளிலும் டூர்னிகே கட்ட இடமில்லை. அங்கே காஸ் துணியை விரலால் காயத்தின் அடி ஆழம்வரை, ரத்தம் பீய்ச்சும் புள்ளியை நோக்கித் திணித்து, குழி நிரம்பியதும் உடல் எடையோடு அழுத்த வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் மருந்து தோய்ந்த காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரணக் காஸ் என்றால் 10 நிமிடம். நடுவில் நின்றதா என்று தூக்கிப் பார்த்தால் உறைந்துகொண்டிருந்த கட்டி பிய்ந்துவிடும். நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் துணி அடைக்கவே கூடாது. பயிற்சியில் இதற்கு ஒரு ஸ்பாஞ்ச் கட்டையோ ரப்பர் தொடையோ கொடுத்து, குழாய் வழியே சிவப்பு நீர் ஓடவிட வேண்டும். விரல் வழுக்கும்போது துணி எப்படி நழுவுகிறது என்பது உலர்ந்த பொம்மையில் தெரியாது.

தொலைவிடப் பயிற்சி: இரண்டு நாளா, எண்பது மணி நேரமா?

உதவி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. முதல் பத்து நிமிடம் முடிந்த பிறகு என்ன செய்வது? 16 முதல் 20 மணி நேர வகுப்பு இதற்கு ஒரு சட்டகம் தரும்: தலை முதல் கால்வரை பரிசோதிப்பது, நிலையாக இருப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் மோசமாக இருப்பவருக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் நாடி, மூச்சு, நினைவு பார்த்து எழுதுவது, உடல் குளிராமல் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பது.

70 முதல் 80 மணி நேரப் பயிற்சியில் பாடங்கள் கிட்டத்தட்ட இவையே, ஆனால் திரும்பத் திரும்ப, நாடகமாக நடத்திப் பழகுவீர்கள். சிம்பு (முறிந்த எலும்பு அசையாமல் வைக்கும் தாங்குகட்டை) கட்டுவதை எடுத்துக்கொள்வோம். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது குறுகிய வகுப்பிலேயே தெரிந்துவிடும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல் நுனியில் உணர்ச்சி, அசைவு, ரத்த ஓட்டம் மூன்றையும் பார்ப்பது அங்கே ஒரு வரியாகப் போய்விடும். நீண்ட பயிற்சியில் அரை மணி கழித்து வீக்கம் ஏறி, கட்டு இறுகி, நோயாளியாக நடிப்பவர் ‘விரல் மரத்துப்போச்சு’ என்பார். அவிழ்த்துத் திரும்பக் கட்டியவர் பிறகு அதை மறக்க மாட்டார். குழுவை அழைத்துப் போகும் பொறுப்பில் இருப்பவர் நீண்டதையே எடுக்க வேண்டும். எப்போதாவது மலையேறுபவருக்கு இரண்டு நாள் போதும்.

இ.எம்.டி. படிப்பு

120 மணி நேரத்துக்கு மேல் நீளும் இந்தப் படிப்பை ‘எல்லாவற்றிலும் உயர்ந்தது’ என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. உயர்ந்ததுதான், ஆனால் அதன் பாதி கருவிகளை நம்பி நிற்கிறது. மூச்சு நின்றவருக்கு முகமூடி வழியே காற்று செலுத்தக் கையால் பிழியும் பையான ஆம்பு பேக் நல்ல உதாரணம். பெரியவர்களுக்கான பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். நெஞ்சு லேசாக மேலெழும்ப 500 முதல் 600 மில்லி போதும். பதற்றத்தில் முழுப் பையையும் பிழிந்தால் அதிகக் காற்று இரைப்பைக்குள் போய் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். நாடி இருந்து மூச்சு இல்லாதவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு விநாடி. ஒற்றைக் கையால் முகமூடியைக் கசியாமல் பிடிப்பது கடினம். ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்க, மற்றவர் பிழிவதே நல்லது. வாரந்தோறும் செய்பவருக்கு இது கைவரும். பை, ஆக்சிஜன் எதுவும் கையில் இல்லாத ஒருவர் இதைப் படித்து ஒரு வருடம் சும்மா இருந்தால் படிப்பு வீணாகிவிடும். ஆம்புலன்ஸிலோ மீட்புக் குழுவிலோ தொடர்ந்து பணி செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நாளில் தையல் போடவும் நெஞ்சில் ஊசி குத்தவும் கற்றுத் தருவதாகச் சொல்லும் வகுப்புகளைத் தவிருங்கள். தவறாகத் தைத்த காயத்துக்குள் அழுக்கு அடைபட்டுச் சீழ் பிடிக்கும். சுத்தமாகக் கழுவி மூடிவைத்த காயத்தை மருத்துவர் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வரிசை

ஆம்புலன்ஸ் விரைவில் வரும் இடத்தில் வாழ்பவர், விளக்குப் பொம்மை உள்ள கலப்பு வகுப்பையும் ரத்தப்போக்கு வகுப்பையும் சேர்த்து எடுக்கட்டும். தொலைவில் இருப்பவர் இவற்றின் மேல் தொலைவிடப் பயிற்சியைச் சேர்க்கட்டும். சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு ஆண்டு செல்லும். ஆனால் 3 முதல் 6 மாதத்திலேயே கை மறக்கத் தொடங்கும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆகவே சேரும் முன் கடைசியாக ஒன்று கேளுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பொம்மையில் 2 நிமிடம் அழுத்திவிட்டு, ஒரு டூர்னிகே கட்டிவிட்டுப் போக விடுவார்களா? விடுவோம் என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.