ஸ்பானிஷ்ல மழை வெயில் பேச ஒரு டியூஷன், கிருஷ்ணகிரியில நான் 2 மாசம் படிச்சது

மாங்கூழ் கம்பெனியில எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ல வேலை பாக்குறேன். எங்க பையர் ஒருத்தர் ஸ்பெயின்ல வலென்சியா பக்கம், அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், ஆனா போன் எடுத்தா ரேட் பேசுறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல மழையா வெயிலான்னுதான் ஆரம்பிப்பாரு. 2024 அக்டோபர் 29 அவங்க பக்கம் வந்த வெள்ளத்துல 200 பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஒரு மாசம் போனதும் இங்க ஃபெஞ்சல் புயல், ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், ரோட்டோரம் நின்ன வண்டியெல்லாம் அடிச்சிட்டு போச்சு. அந்த வீடியோவ அனுப்பினேன், உடனே கூப்பிட்டு விசாரிச்சாரு, அவ்ளோ அக்கறையா கேக்குற மனுஷனுக்கு பதில் சொல்ல வார்த்தை இல்லாம போனை வெச்சேன். அது மனசுல உறுத்திகிட்டே இருந்துச்சு, ஜனவரியில டியூஷன் சேந்துட்டேன்.

மாஸ்டர் பழையபேட்டையில அவர் வீட்லயே எடுக்குறாரு, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாரு. சனி ஞாயிறு, மாசம் 8 கிளாஸ், 2000 ரூபா, நாங்க 6 பேர்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, இங்கிலீஷ் வழியா சொல்லித் தராம நேரா தமிழ்லருந்து போனாரு. இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு 'இட்' வேணும், ஸ்பானிஷ்ல வேணாம், 'யுவேவே'ன்னா அவ்ளோதான், 'பெய்யுது'ன்னு நாம சொல்றோமே அதே மாதிரி. நம்ம தமிழ்லயும் வெயில் அடிக்குது, இடி இடிக்குது, மின்னல் வெட்டுது, தூறல் போடுதுன்னு ஒண்ணொண்ணுக்கும் ஒரு வினை இருக்கு இல்லையா, அவங்களுக்கும் வெயில், காத்து, குளிர், வெக்கை நாலுக்கும் 'ஆஸே', அதாவது செய்யுது. ஆஸே சோல், ஆஸே வியெந்தோ, ஆஸே ஃப்ரியோ, ஆஸே கலோர். மூடுபனி, புயல் எல்லாம் 'ஐ', அதாவது இருக்கு, மார்கழி காலையில ஓசூர் ரோட்ல போனா ஐ நியேப்லா. மேகமூட்டத்துக்கு மட்டும் எஸ்தா நுப்லாதோ. எதுக்கு எது வரும்னு நான் மொதல்ல மனப்பாடம் பண்ணி மறந்துகிட்டே இருந்தேன், தமிழ் வினையோட சேத்து சொன்னதும் ஒட்டிகிச்சு. 'தியெம்போ'ங்கிற சொல்லுக்கு நேரம், வானிலை ரெண்டு அர்த்தமும் உண்டு, நம்ம காலம், மழைக்காலம் தெரிஞ்சவங்களுக்கு இதுல என்ன குழப்பம்! பேய்மழைக்கு 'யுவேவே ஆ காந்தரோஸ்'னு சொல்லுவாங்க, காந்தரோன்னா குடம், குடங்குடமா கொட்டுதாம். இத கேட்ட அன்னைக்கு எனக்கு அந்த மொழி மேலயே ஒரு பாசம் வந்துருச்சு.

இன்னொண்ணு, பொண்ணுங்க பசங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்: வெக்கையா இருக்குன்னு நம்மள பத்தி சொல்லணும்னா 'தெங்கோ கலோர்'தான், 'எஸ்தோய் கலியெந்தே'ன்னு சொன்னா ஆசை கிளம்பியிருக்குங்கிற மாதிரி தப்பான அர்த்தம் ஆயிடும். மாஸ்டர் இத கூச்சப்படாம மொத வாரமே சொன்னாரு, நல்ல விஷயம்.

குறைன்னா மூணு இருக்கு. அவரு லத்தீன் அமெரிக்கா உச்சரிப்புல 'ஆஸே'ன்னு சொல்லித் தந்தாரு, எங்க பையர் பேசுறது 'ஆத்தே', ரெண்டு வாரம் எனக்கு புரியல, ரெண்டு விதமும் இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம். பாடப்புத்தகத்துல இருக்குற நாலு சீசனையும் சொல்லி பனிமழைக்கே ரெண்டு கிளாஸ் போச்சு, குளிர்காலம்னு அர்த்தம் வர்ற 'இன்வியெர்னோ'ங்கிற சொல்லு கொலம்பியா மாதிரி ஊர்கள்ல மழைக்காலம்னு நான் அப்புறமாதான் தெரிஞ்சுகிட்டேன், நம்ம ஊர் ஆளுங்களுக்கு அதுல்ல மொதல்ல வேணும். மூணாவதுதான் பெருசு, இறந்தகாலத்தை கடைசி ரெண்டு வாரத்துக்கு தள்ளி வெச்சுட்டாரு. மழைய பத்தி மனுஷன் பேசுறது பாதி நேத்து பெஞ்சதுதானே, யோவியோ தோதா லா நோச்சேன்னு, ராத்திரி பூரா பெஞ்சதுன்னு, சொல்லத்தானே நான் போனேன்.

ஏப்ரல்ல கோடை மழையோட ஆலங்கட்டி விழுந்துச்சு, மறுநாள் பையர்கிட்ட போன்ல 'ஆயேர் கிரனிஸோ'ன்னேன், நேத்து ஆலங்கட்டி விழுந்துச்சுன்னு. அவர் ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் மரத்துல காய் எவ்ளோ தங்குச்சுன்னு கேட்டாரு, ஆரஞ்சு ஊர்க்காரர்ல, ஆலங்கட்டி என்ன பண்ணும்னு அவருக்கு தெரியும். அன்னைக்கு ரேட் பேசவே இல்ல, மாந்தோப்பு பத்தியே பேசினோம்.

5க்கு 4 குடுக்குறேன். அடுத்த பேட்ச்ல இறந்தகாலத்தை மொத மாசமே எடுக்குறேன்னு மாஸ்டர் ஒத்துகிட்டாரு, சேர்றவங்க அத கேட்டு வாங்கிக்கோங்க.